சாலைப் பாதுகாப்பு நிதி கிடைத்தால் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் வழியாக மாநில நெடுஞ்சாலை போகிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்தில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். சாலைப் பாதுகாப்பு நிதியில் வேகக் கேமராவும் ஸ்மார்ட் சிக்னலும் வாங்கலாம், மனுவை நாங்களே எழுதித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வந்து சொல்கிறார்கள். வணிகர் சங்கமும் ஊராட்சியும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கின்றன. எந்த நிதியைக் கேட்பது, எதற்குச் செலவிடுவது?

பதில்:

அந்த மனுவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருளை விற்பவர் எழுதும் மனுவில் பொருளைப் பற்றித்தான் இருக்கும். அந்த நான்கு பேர் எந்த நேரத்தில், எந்தப் பக்கம் போகும்போது, எதில் அடிபட்டு இறந்தார்கள் என்பது இருக்காது. அது தெரியாமல் வாங்கும் எதுவும் அடுத்த சாவைத் தடுக்காது. நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். பணமும் கருவியும் வந்து சேர்ந்த பிறகும் சாவு நிற்காத இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். என் எல்லைக்குள் ஒரு வளைவில் தொடர்ந்து விபத்து என்று பதிவில் இருந்தது. நிதி வந்ததும் வளைவில் சோலார் பிளிங்கர் (சூரிய சக்தியில் மின்னும் எச்சரிக்கை விளக்கு), எச்சரிக்கைப் பலகை, குவியாடி எல்லாம் வைத்தோம். அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஒரு சாயங்காலம் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு அங்கிருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் சொன்னார்: "சார், வளைவுல யாரும் விழல. இங்க வேற அடையாளம் இல்லாததால எல்லாரும் வளைவுன்னு எழுதுறாங்க. விழுறதெல்லாம் அதோ, அந்தப் புளியமரத்தடில." வளைவிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்தது மரம். நடந்து போய்ப் பார்த்தேன். தார் ஓரத்தில் சிவப்பு டெயில் லைட் தூள், பக்கத்திலேயே ஒரு குழந்தைச் செருப்பு. ஆறே முக்காலுக்கு டவுன் பஸ் வந்து மரத்தடியில் நின்றது. இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் சுற்றிச் சாலையைக் கடந்தார்கள். நிற்கிற பஸ்ஸை வலதுபுறமாக ஒதுங்கித் தாண்டிக்கொண்டு பின்னாலிருந்து பைக்குகள் வந்தன. மரத்தின் கிளை தெருவிளக்கை முழுசாக மூடியிருந்தது. கடக்கிறவருக்கு பைக் தெரியவில்லை, பைக்காரருக்குக் கடக்கிறவர் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நிறுத்தத்தை நாற்பது மீட்டர் தள்ளி வைத்தோம். பஸ் சாலையை விட்டு ஒதுங்கி நிற்க பஸ் பே வெட்டினோம். கிளையைக் கழித்து, கிளைக்குக் கீழே எரியும்படி இரண்டு விளக்குகளைத் தாழ்வாகப் போட்டோம். கடக்கும் இடத்தில் நடுவே நின்று மூச்சு விட ஒரு சின்ன மேடை. வளைவில் கொட்டியதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் செலவு. அந்தக் கோட்டத்தில் நான் இருந்த மீதி இரண்டரை வருடத்தில் அங்கே ஓர் உயிரும் போகவில்லை. முதல் தடவையே டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு பேர் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

உங்கள் ஊரிலும் இடம் பேருந்து நிறுத்தம்தான் என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். ஆனால் உங்கள் இடத்தில் காரணம் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது.

முதலில் மூன்று வருட விபத்துகளை எடுங்கள். காவல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பதிவான வழக்குகளில் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106 என்றால் மரணம், 125(பி) என்றால் கொடுங்காயம். அதற்கு முந்தையவற்றில் 304ஏ, 338 என்று இருக்கும். நீங்கள் நான்கு சாவை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். கால் போனவர்கள், தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்தவர்கள் கணக்கில் இல்லை. இது நிதி விஷயத்தில் பெரிய வித்தியாசம் செய்யும். ஏனென்றால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கரும்புள்ளிக்கு, அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடத்துக்கு, வைத்திருக்கும் இலக்கணப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். உங்களுடையது மாநிலச் சாலை என்றாலும் அதிகாரிகள் மனதில் இருக்கும் அளவுகோல் ஏறக்குறைய இதுதான். நான்கு சாவும் நான்கு தனித்தனி விபத்து என்றால், கொடுங்காய வழக்கு இன்னும் ஒன்று இருந்தாலே நீங்கள் அந்த வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். அடிபட்டவர் வீட்டில் காயச் சான்றிதழ் நகல் இருந்தால் வாங்கி வையுங்கள்.

தமிழ்நாடு காவல்துறையில் 2009 முதலே விபத்து இடங்களை வரைபடத்தில் குறிக்கும் ராட்எம்எஸ் மென்பொருள் இருக்கிறது, உலக வங்கி உதவியுடன் வந்தது. அதற்குப் பிறகு விபத்து நடந்த இடத்திலிருந்தே விவரத்தைப் பதிய சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலி நாடு முழுக்க வந்தது. 2021இல் அதை முதலில் சோதித்த ஆறு மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. நெடுஞ்சாலைத் தொழில்நுட்பத்தில் இதுவரை செலவான பணத்தில் உருப்படியான செலவு எது என்று கேட்டால் நான் இந்தப் பதிவு முறைகளைத்தான் சொல்வேன். ஆனால் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இடத்தைக் குறித்தால் வரைபடம் பொய் சொல்லும். அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு விபத்துக்கும் நீங்கள் இடத்துக்கே போய், பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு, எந்தக் கம்பத்துக்கும் எந்த வீட்டுக்கும் நடுவில் என்று ஒரு வெள்ளைத்தாளில் குறியுங்கள். நேரமும் குறியுங்கள். நான்கில் மூன்று இருட்டிய பிறகு என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

அடுத்து வேகம். கருவி எதுவும் வேண்டாம். சாலையோரம் நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம் அல்லது மரம் தேர்ந்தெடுத்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு வண்டி அந்த நூறு மீட்டரை 6 விநாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். நாலரை விநாடி என்றால் 80. ஐம்பது வண்டிகளை எடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். 50இல் அடிபடும் பாதசாரி சாகும் வாய்ப்பு நூற்றுக்கு 20க்கும் குறைவு என்றும், 80இல் அது 60 வரை போகும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊருக்குள் பெரும்பாலான வண்டிகள் 70, 80இல் போகின்றன என்று தேதி நேரத்தோடு ஒரு தாள் காட்டினீர்கள் என்றால், கலெக்டர் அலுவலகத்தில் யாரும் அதைத் தள்ளிவைத்துவிட முடியாது. நூறு கையெழுத்துள்ள மனுவைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

இனி எதற்குச் செலவிடுவது. உங்கள் வரைபடம் என்ன சொல்கிறதோ அதற்குத்தான். இருந்தாலும் ஊருக்குள் போகும் இரண்டு வழிச் சாலையில், நான் பார்த்தவரை, முதலில் நிற்பது வெளிச்சம், கடக்கும் இடம், பஸ் நிற்கும் இடம், ஊர் நுழைவாயிலில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. நுழைவாயிலில் தடித்த வெள்ளைக் குறுக்குக் கோடுகள், இரு பக்கமும் ஒளிரும் குறிகாட்டிக் கம்பங்கள், சாலை சற்றே குறுகியது போன்ற தோற்றம். இவை எல்லாம் சேர்ந்தால் ஓட்டுநர் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார்.

வேகத்தடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவு நடந்த மறுநாள் எல்லா ஊரும் கேட்பது அதைத்தான். ஊர்க்காரர்களே ஜல்லி கொட்டிப் போடும் மேடுகள் இரவில் பைக்காரர்களைத் தூக்கி எறிந்து கொன்றிருக்கின்றன. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) 99ஆம் தரக் குறிப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வட்டமான முதுகு. மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் கடக்கலாம். முன்கூட்டியே பலகை வேண்டும், பெயின்ட் அழியாமல் இருக்க வேண்டும், மேலே விளக்கு வேண்டும். நெடுஞ்சாலையை விடவும், அதில் வந்து சேரும் கிளைச் சாலையின் வாயில்தான் இதற்குச் சரியான இடம். கிளைச் சாலையிலிருந்து நிற்காமல் நேராக ஏறும் பைக்குகளால் நடக்கும் விபத்துகள் எத்தனை என்று உங்கள் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கேமரா. ஊராட்சியோ வணிகர் சங்கமோ ஒரு வேகக் கேமராவை வாங்கிக் கம்பத்தில் மாட்டி அபராதம் வசூலிக்க முடியாது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் மின்னணுக் கருவிகளால் சாலையைக் கண்காணிப்பதற்கான 136ஏ பிரிவு சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் அதற்கான விதி 167ஏ வந்தது. அதன்படி கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அதாவது கேமராவுக்குப் பின்னால் படத்தைப் பார்த்துச் சரிபார்த்து நோட்டீஸ் அனுப்ப ஆட்கள் தினமும் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களிடம் வந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றாவது வருடம் இதை நடத்தும் செலவு எவ்வளவு, அதை யார் கொடுப்பார்கள்? பதில் எழுத்தில் வரட்டும்.

கேரளத்தைப் பாருங்கள். 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. அதில் 675 தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் பார்ப்பவை. ஒரே இடத்தில் நிலையாகப் பொருத்திய வேகக் கேமரா நான்கே நான்கு. 232 கோடி ரூபாய்த் திட்டம், தவணை தவணையாகப் பணம் தரும் ஏற்பாடு. தவணை தாமதமானபோது நோட்டீஸ் அனுப்பும் வேலையே தடுமாறியது. ஒரு மாநில அரசுக்கே அந்தப் பாடு என்றால் ஓர் ஊராட்சி என்ன செய்யும்? அதே நேரம் தலைக்கவசத்தைக் கண்காணிப்பது நல்ல வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் சாலைகளில் சாவோரில் இருசக்கர வாகனக்காரர்கள்தான் அதிகம். ஆனால் அதை மாவட்டக் காவல்துறை தன் திட்டமாக, ஆள் பலத்தோடு எடுக்க வேண்டும். உங்கள் மனுவில் அது காவல் கண்காணிப்பாளருக்கான கோரிக்கையாகத் தனியே இருக்கட்டும்.

தொழில்நுட்பத்தில் உங்கள் ஊருக்கு உடனே பயன்படக்கூடியது வேகத்தைக் காட்டும் ரேடார் பலகை. வண்டி நெருங்கும்போது அதன் வேகத்தை எண்ணாகக் காட்டும், அபராதம் எதுவும் இல்லை. பாதசாரி பொத்தானை அழுத்தினால் சிவப்பாகும் சிக்னலும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் பயன்படும். சோலார் பிளிங்கர் வாங்குவதானால் மதிப்பீட்டிலேயே ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துவிடுங்கள். பதினான்கு மாதத்தில் பேட்டரி திருடுபோய் வெறும் கம்பமாக நிற்கும் பிளிங்கரைக் காட்டச் சொன்னால் எந்த மாவட்டத்திலும் காட்டுவேன். தெருவிளக்கிலும் இதே கதைதான்: ஹைமாஸ்ட் எனும் உயர்கோபுர விளக்கை யார் வைத்தாலும், அதன் மின் கட்டணம் கடைசியில் ஊராட்சி தலையில்தான் விழும். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கணக்கைத் தலைவரும் செயலரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, பணம் எங்கே இருக்கிறது?

மாநிலச் சாலைப் பாதுகாப்பு நிதி என்பது நம்மிடமிருந்தே போக்குவரத்து விதிமீறலுக்காக வசூலாகும் பணத்திலிருந்து ஒதுக்கப்படுவது. இந்த நிதியும் மாவட்டக் குழுவும் கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும், ஒவ்வொரு மாநிலத்திலும் அபராதத் தொகையின் ஒரு பங்கைக் கொண்டு சாலைப் பாதுகாப்பு நிதி வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆகவே ஆட்சியரிடம் போய் நிற்கும்போது தயவு கேட்பதுபோல் நிற்க வேண்டியதில்லை. உங்கள் விபத்து இடத்தை அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கக் கேளுங்கள். கூட்டக் குறிப்பில் அது ஏறிவிட்டால், நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்றும் சேர்ந்து கள ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டியிருக்கும். அந்தக் கூட்டு ஆய்வு அறிக்கைதான் பணத்தின் சாவி. அது இல்லாத மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

சாலைக்குள் செய்யும் வேலையை, அதாவது பஸ் பே, சந்திப்பு மேம்பாடு, கோடு, பலகை போன்றவற்றை, நெடுஞ்சாலைத் துறை தன் ஆண்டுத் திட்டத்திலேயே எடுக்க முடியும். உதவிக் கோட்டப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள். அவர் மதிப்பீடு தயாரிக்கும் பருவத்துக்கு முன்பே போங்கள். பிப்ரவரியில் போனால் இருக்கிற பணத்தை மார்ச் 31க்குள் முடிக்கும் பரபரப்பில் உங்களைக் கவனிக்க மாட்டார். விளக்குக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம், தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 5 கோடி, ஆனால் தொகுதி பெரியது. வணிகர் சங்கம் கையிலிருந்து கொஞ்சம் போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. பக்கத்தில் ஆலை ஏதாவது இருந்தால் அதன் சமூகப் பொறுப்பு நிதியையும் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டை இதற்குச் செலவிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு சொல்கிறது. சாலைப் பாதுகாப்புப் பணிகளும் அதில் சேரும் என்று 2014லேயே மத்திய அரசு விளக்கம் கொடுத்துவிட்டது. மும்பை புணே விரைவுச் சாலையில் அப்படி ஒரு நிறுவனத்தின் பணமும், சேவ்லைஃப் என்ற தொண்டு நிறுவனத்தின் கள ஆய்வும், சாலைக் கழகமும், காவல்துறையும் சேர்ந்து சில வருடங்களில் உயிரிழப்பைப் பெருமளவு குறைத்தார்கள். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி என்ன தெரியுமா? சாலையோரம் மோதினால் ஆளைக் கொல்லும் கான்கிரீட் கட்டைகளையும் மழுங்காத தடுப்பு முனைகளையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அகற்றியது, மூடியது.

எந்த நிதியாக இருந்தாலும், பணம் கேட்ட வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். முதல் தவணைக்கு அது போகாவிட்டால் இரண்டாம் தவணை வராது. பணி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரே இடத்தில் நின்று புகைப்படம் எடுத்து, அளவுப் புத்தகப் பதிவு, விலைப்பட்டியல் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஒரு பணிக்கு வந்த பணத்தை நல்ல எண்ணத்தோடுகூட இன்னொன்றுக்குத் திருப்பாதீர்கள். விளக்குப் பணத்தில் நிழற்குடை கட்டிவிட்டு ஐந்து வருடம் தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஓர் ஊராட்சித் தலைவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். அவர் காலத்தில் அந்த ஊருக்கு வேறு நிதியே வரவில்லை.

நம் மாநிலத்தில் 2016இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,218 பேர். 2019இல் அது 10,525 ஆகக் குறைந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆபத்தான இடங்களைத் திருத்தியதும், 108 வண்டிகளை விபத்து அதிகம் நடக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும், துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்ததும் சேர்ந்து நடந்தது அது. 2023இல் எண்ணிக்கை 18,347. மேலே போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் குறைக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இதற்கிடையில் நிதி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இன்னுயிர் காப்போம் திட்டம் இலவசமாகத் தருகிறது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது, பிறகு இரண்டு லட்சமாக உயர்ந்தது. திட்டத்தில் சேர்ந்த பக்கத்து மருத்துவமனைகள் எவை என்று கண்டுபிடித்து, பேருந்து நிறுத்தத்துக் கடைகளில் எழுதி ஒட்டுங்கள். ஓடிவந்து தூக்குகிறவர் எங்கே கொண்டுபோவது என்று யோசித்து நிற்கக் கூடாது.

பணிகள் முடிந்ததும் அதே இரண்டு கம்பங்களுக்கு நடுவே, அதே சாயங்கால நேரத்தில், மறுபடி ஐம்பது வண்டிகளை எடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, ஒரு வருடம் கழித்து ஒரு தடவை. வேகம் குறையாமல் இருந்தால் தாளோடு மறுபடியும் குழுவுக்குப் போங்கள். உங்கள் பட்டியலும் வரைபடமும் தயாரானதும் இங்கே போடுங்கள், எந்தப் பணியை முதலில் கேட்பது என்று நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.